ஸ்கேல் வைத்து அளந்த 900 மீட்டர்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியை அடுத்த சரிவில் இருக்கும் பள்ளியோடு இணைத்து உத்தரவு போட்ட கல்வி அதிகாரிகளுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக் கதவில் ஒட்டியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை காலையிலிருந்து பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று இருந்தது. நடுவில் சனி, ஞாயிறு. இரண்டு நாளும் மழை. கடிதத்தில் மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மாணவர் எண்ணிக்கை 14. இரண்டு பள்ளிக்கும் இடையே தூரம் 900 மீட்டர். பெற்றோர் ஒப்புதல் பெறப்பட்டது. இதில் முதலாவது உண்மை. இரண்டாவது வரைபடத்தில் மட்டும் உண்மை. மூன்றாவதைப் பற்றி என்ன சொல்ல, நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், தீர்மானப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன், இணைப்பு என்ற வார்த்தையே அதில் இல்லை. யாரிடம் ஒப்புதல் வாங்கினீர்கள் என்று சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

தூரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் வேர்.

அந்த 900 மீட்டர் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே அளந்தது. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் குடியிருக்கவில்லை. மேல் லைனில், அதாவது மேலே இருக்கிற வரிசை வீடுகளில், கடைசி வீட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கே 600 மீட்டர் இறங்கி வர வேண்டும். அதற்கு அப்புறம்தான் உங்கள் 900 ஆரம்பம், அதுவும் நேராக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால். நிலத்தில் அப்படிப் போக முடியாது. பள்ளிக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம், அதற்குக் கீழே ஓடை, ஓடையைத் தாண்டினால் சோலை ஓரமாக ஒற்றையடிப் பாதை, பிறகு 200க்கு மேல் படிக்கட்டு. என் வீட்டுக்காரர் செல்போனை ஆன் செய்து நடந்து பார்த்தார். எங்கள் பள்ளியிலிருந்து அந்தப் பள்ளி வாசல் வரை 1.6 கிலோமீட்டர். தார் ரோட்டில் சுற்றிப் போனால் 4.2. ஆறு வயதுப் பிள்ளைக்கு இறக்கை முளைத்தால்தான் உங்கள் 900 மீட்டர் சரிப்படும்.

பாதை நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும். காலை 7.40க்கு அங்கே என்ன இருக்கும் என்று தெரியுமா? பனிமூட்டம். பத்தடிக்கு அந்தப் பக்கம் நிற்பது தேயிலைச் செடியா காட்டுமாடா என்று தெரியாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி ஒன்றும் புதிதில்லை, சத்துணவுக் கூடத்து எண்ணெய்க்காகக் கதவை உடைக்கிற கரடிகளை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். போன மாதம் அந்தப் படிக்கட்டில் பாதி வழியில் ஒரு கரடி குட்டியோடு உட்கார்ந்திருந்தது, கொழுந்து எடுக்கப் போன பெண்கள் தகரத்தைத் தட்டி அரை மணி நேரம் காத்திருந்துதான் கடந்தார்கள். நான் பிறந்தது பந்தலூர்ப் பக்கம், அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லைன் வீட்டில். 2024 ஜனவரியில் அந்தப் பக்கம் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றபோது என் அம்மா போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. நான் இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மலையில் இருப்பவர்கள் இதோடு வாழப் பழகியவர்கள்தான். ஆனால் பழகியது பெரியவர்கள், அதுவும் கூட்டமாகப் போகிறபோது.

சட்டமும் இதை யோசித்துத்தான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே வந்த மத்திய அரசின் விதிகளில் 6ஆம் விதியைப் படியுங்கள். 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு நடந்து போகிற தூரத்தில் 1 கிலோமீட்டருக்குள் பள்ளி, 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள். நடந்து போகிற தூரம் என்றுதான் இருக்கிறது, கோடு போட்ட தூரம் என்று இல்லை. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. கடினமான நிலப்பரப்பு, மண்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை, சின்னப் பிள்ளைக்கு வழியில் ஆபத்து, இவை இருக்கிற இடத்தில் அந்த 1 கிலோமீட்டரையும் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும். இதை எழுதியவர்கள் எங்கள் படிக்கட்டைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று தோன்றும். நீங்கள் அந்த எல்லையைக் குறைக்க வேண்டிய இடத்தில் நீட்டியிருக்கிறீர்கள்.

சரி, 14 பேர்தானே என்பீர்கள். அந்த 14 எப்படி வந்தது என்றும் பேசலாம். நானும் இதில் குற்றவாளிதான், மறைக்கவில்லை.

என் மூத்த பெண் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை. அவளை டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம், காலை 7.15க்கு வேன். பசுந்தேயிலை விலை கொஞ்சம் நன்றாக இருந்த வருஷம் அது, பீஸ் கட்டிவிடலாம் என்று நினைத்தோம். அப்புறம் விலை இறங்கியது, வேன் காசு ஏறியது, இரண்டாவது பையனை இங்கேயே போட்டோம். இப்போது மூன்றாம் வகுப்பு. அக்காவைவிடத் தமிழ் நன்றாக வாசிக்கிறான், அது வேறு கதை. எங்களைப் போல வேன் அனுப்பியவர்கள் ஊரில் பாதிப் பேர். ஒரு டீச்சர் மாற்றலாகிப் போய் ஒன்றரை வருஷம் ஆள் வராமல் ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் பார்த்த சமயத்தில்தான் வேனில் கூட்டம் சேர்ந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் அந்த இரண்டாவது ஆளைப் போடவில்லை, பிள்ளைகள் போனார்கள், இப்போது பிள்ளைகள் இல்லை என்று பள்ளியை மூடுகிறீர்கள்.

டவுன் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது அல்லவா, நம் மாநிலத்தில் அதற்கு வீட்டிலிருந்து பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து எந்தத் தனியார் பள்ளியும் 1 கிலோமீட்டருக்குள் இல்லை. ஆகவே எங்கள் ஊரில் ஏழையாக இருந்து பிரயோஜனமில்லை, டவுனில் ஏழையாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் இதற்காகவே டவுனில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்து ஆதாரில் முகவரியை மாற்றின. ஒரு குடும்பம் ரேஷன் கார்டையும் மாற்றி, இங்கே வீட்டைப் பூட்டிவிட்டுப் போயே போய்விட்டது. பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தெருக்களில் அறை வாடகை எங்கேயோ போய்விட்டது. சமையலறைகூட இல்லாத அறைக்கு எங்கள் ஊரில் முழு வீட்டுக்குக் கேட்கிற வாடகையைக் கேட்கிறார்கள். 2025இல் மத்திய நிதி வரவில்லை என்று அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் நின்றபோது, வாடகை மட்டும் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் பாவம்.

ஆக, தனியார் பள்ளிக்கு ஒரு கோடு போட்டீர்கள், அதற்கு வெளியே எங்கள் ஊர். இப்போது அரசுப் பள்ளிக்கும் கோட்டை நகர்த்திவிட்டீர்கள், அதற்கும் வெளியே எங்கள் ஊர்.

வீடு, நிலத்தின் விலையைப் பற்றி எழுதினால் பள்ளியை வைத்து ரியல் எஸ்டேட் பேசுகிறாள் என்பீர்களோ என்று கொஞ்சம் தயங்கினேன். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு ஒன்றுதான் சொத்து, அதைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியதில்லை. என் மாமனார் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி, அதாவது தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்து வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து, எஸ்டேட்டில் கூலி வேலை செய்து, இருபது வருஷம் சேர்த்து வாங்கியது ஐந்து சென்ட். அதைவிட மலிவாகக் கீழே வேறு இடம் கிடைத்ததாம். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத்தான் இதை வாங்கினார். காமராசர் காலத்தில் திறந்த பள்ளி என்று கிழவர் பெருமையாகச் சொல்வார். பள்ளியைச் சுற்றித்தான் ஊர் உண்டானது. ரேஷன் கடை வந்தது அதற்குப் பிறகு, மினி பஸ் வந்தது அதற்கும் பிறகு, மாரியம்மன் கோயில்கூடப் பள்ளிக்கு அப்புறம்தான்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஓய்வு பெற்ற டிரைவர். மகள் கல்யாணத்துக்காக நாலரை சென்ட் வீட்டை விற்க ஏற்பாடு செய்திருந்தார். வாங்க வந்தது டவுனில் வேலை பார்க்கிற ஒரு சின்னக் குடும்பம், ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பு, இன்னொன்று அங்கன்வாடி. அந்த அம்மா வீட்டுக்குள் போவதற்கு முன்பே வாசலில் நின்று பள்ளியைப் பார்த்தார், இங்கிருந்து மணி அடிப்பது கேட்குமே என்றார். 19 லட்சம் பேசி முடித்து அட்வான்ஸும் கைமாறியது. உங்கள் கடிதம் ஒட்டிய பத்தாவது நாள் வந்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதற்கப்புறம் வந்த ஆள் 14 லட்சத்துக்குக் கேட்டார். கல்யாணம் தை மாதம். அண்ணன் கொடுத்துவிட்டார்.

அந்த 14 லட்சம் கொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? கீழேயிருந்து வந்த ஒரு புரோக்கர் மூலமாகக் காட்டேஜ் கட்ட வாங்குகிறவர். பத்திரம் முடிந்த அன்று அந்தப் புரோக்கர் எங்கள் வாசலில் நின்று என்னிடம் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன். "ஸ்கூல் பில்டிங்கும் காலியாகப் போகுதாமே, அங்கேயிருந்து பள்ளத்தாக்கு வியூ சூப்பரா இருக்கும், யாரைப் பார்க்கணும்?" நான் பதில் சொல்லவில்லை. உங்களைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம்.

விலை எல்லோருக்கும் இறங்குவதில்லை, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். குடியிருக்க வருகிறவன் போய்விடுகிறான், தங்கிப் போக வருகிறவனுக்கு விற்கிறவன் வருகிறான். அவனுக்குப் பள்ளி வேண்டாம், தண்ணீர்க் குழாயும் வியூவும் போதும். எங்களிடம் 14க்கு வாங்கியதை அவன் எவ்வளவுக்குக் கொடுப்பான் என்று எங்களுக்குத் தெரியாமலா இருக்கிறது. இன்னொரு வேடிக்கை. வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு குறிக்கிற நில மதிப்பை, 2024 ஜூலையில் மாற்றியமைத்தபோது எங்கள் தெருவுக்கும் ஏற்றினார்கள். பள்ளி போன பிறகு அதை யாரும் இறக்கவில்லை. வீட்டை அண்ணன் தம்பிக்குள் பிரித்துக்கொண்டாலும் சரி, பேங்க் லோனுக்குப் போனாலும் சரி, பேப்பரில் ஒரு மதிப்பு, தெருவில் ஒரு மதிப்பு. விற்கிற எண்ணமே இல்லாத எனக்கு ஏன் கவலை என்று கேட்கலாம். என் பெண் அடுத்த வருஷம் காலேஜ் போகிறாள். லோனுக்குக் காட்ட என்னிடம் இந்த ஐந்து சென்ட்தான் இருக்கிறது.

இடம்பெயர்ந்தவர்கள் கணக்கு உங்களுக்கு இன்னும் வரவில்லை. உத்தரவு வந்த பிறகு அந்த 14இல் இணைப்புப் பள்ளிக்குத் தினமும் போகிறவர்கள் 6. நாலு பேர் வேனுக்குப் போய்விட்டார்கள், கடன் வாங்கித்தான். இரண்டு பேர் பாட்டி வீட்டுக்கு, மேட்டுப்பாளையம் பக்கம். மிச்சம் இரண்டு, அக்கா தம்பி, பாதி நாள் வீட்டில் இருக்கிறார்கள், அம்மா கொழுந்து எடுக்கப் போகிற நாளில் கொண்டுபோய் விட ஆள் இல்லை. கொண்டுபோய் விட்டுவிட்டு 9 மணிக்குத் தோட்டத்தில் நின்றால் அரை நாள் கூலி போயிற்று. அந்த இரண்டு பேர் பெயரும் இணைப்புப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அதனால் உங்கள் கணக்கில் இடைநிற்றல் பூஜ்யம்.

காலை உணவு வந்தபோது எங்கள் ஊரில் சந்தோஷப்படாத தாய் இல்லை. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவுபடுத்தினார்கள், எங்கள் பள்ளியிலும் கிச்சடி வாசனை வந்தது. இப்போது நடந்து போகிற ஆறு பேரில் மூன்று பேராவது தினமும் அதற்குள் போய்ச் சேர்வதில்லை. வெறும் வயிற்றோடு படிக்கட்டு ஏறுகிறார்கள். இதைச் சரிசெய்ய யாருக்கும் பெரிய செலவில்லை, எங்கள் சமையலறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பூட்டு மட்டும் புதிது.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போன அந்த வாரத்தில் எங்கள் மேல் லைன்காரர்கள் எல்லாம் ஆறு நாள் எங்கள் பள்ளியில்தான் படுத்தோம். நான் கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, என் மாமியாரை அந்த இரண்டாம் வகுப்புப் பெஞ்சில்தான் படுக்க வைத்தேன். கோத்தகிரிப் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பலமாக வரும், அடுத்த தடவை ஓடை உடைத்துக்கொண்டால் எங்கே ஓடுவது? ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இணைப்புப் பள்ளிக்கா? ஓட்டுப் போடுவதும் எங்கள் பள்ளியில்தான், கண் மருத்துவ முகாம் நடப்பதும் அங்கேதான். இதெல்லாம் மாணவர் எண்ணிக்கையில் வராது, தெரியும்.

ஊராட்சியிடம் சொல்லலாம் என்றால் தலைவர், வார்டு மெம்பர் எல்லோருடைய பதவிக்காலமும் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது, தனி அலுவலரைப் பார்த்தால் அது கல்வித் துறை விஷயம் என்கிறார். உங்கள் ஆபீசுக்கு வந்தால் அது மேலிடத்து முடிவு என்கிறார்கள். மேலிடம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு ஒருவர் நிஜமாகவே மாடிப்படியைக் காட்டினார். மாடியில் பூட்டியிருந்தது.

எங்களுக்கு வேண்டியதைத் தெளிவாக எழுதுகிறேன், பிறகு புரியவில்லை என்று வரக்கூடாது.

இந்தக் கல்வியாண்டு முடியும் வரை இணைப்பு உத்தரவை நிறுத்தி வையுங்கள். பள்ளியைத் திறந்து, காலியாக இருக்கிற இரண்டாவது ஆசிரியர் இடத்தை நிரப்புங்கள். நிரப்பினால் வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளையை இங்கே போடுகிறோம் என்று 9 குடும்பங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கின்றன, அதில் என் கையெழுத்தும் உண்டு, பையனை எங்கேயும் மாற்ற மாட்டேன் என்று. அந்தத் தாளை இந்த மடலோடு தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

எல்லையை மறுபடி அளக்க வேண்டும். கடைசி வீட்டு வாசலிலிருந்து, காலால் நடந்து, பிள்ளைகள் போகிற நேரத்தில். அளந்த பாதையைப் பள்ளி மேலாண்மைக் குழு முன்னால் வைத்து, 6ஆம் விதியில் சொன்ன ஆபத்துகள் இந்தப் பாதையில் இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் பதில் தர வேண்டும். இல்லை என்று எழுதுகிற அதிகாரி பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். எங்களிடம் வாங்கியதாகச் சொல்கிற ஒப்புதலின் நகலும் வேண்டும்.

அதுவரைக்கும், நாளையிலிருந்தே, அந்த 6 பேருக்கும் வீட்டில் இருக்கிற 2 பேருக்கும் ஒரு வண்டி, கூட வர ஒரு ஆள். சின்னக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்துக்கு அதே விதியில் இடம் இருக்கிறது. காலை உணவுக்கு முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி வர வேண்டும், 9 மணிக்கு வந்து ஹாரன் அடிக்கிற வண்டி எங்களுக்கு வேண்டாம்.

பள்ளிக் கட்டடத்தையும் அதன் நிலத்தையும் குத்தகைக்கோ வேறு எதற்குமோ கொடுப்பதில்லை, பள்ளிக்கும் பேரிடர் காலத்துக்கும் மட்டுமே என்று இப்போதே எழுதிக் கொடுங்கள். அந்தப் புரோக்கரின் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

25 சதவீத இடத்துக்கான 1 கிலோமீட்டர் உங்கள் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் மலைக் கிராமங்களில் அது எப்படி வேலை செய்கிறது, எத்தனை பேர் அதற்காக வாடகை அறைக்குப் போனார்கள் என்று மேலே எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. எழுதுங்கள். அடுத்த கிராம சபையில், நவம்பர் 1 அன்று, உங்களில் ஒருவராவது வந்து எங்கள் முன்னால் உட்கார வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. வருகிற திங்கட்கிழமை காலை 7.40க்கு ரேஷன் கடை முன்னால் நான் என் பையனோடு நிற்பேன், மற்ற பிள்ளைகளும் இருப்பார்கள். இந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் எங்களோடு அந்தப் பள்ளி வரை நடந்து வர வேண்டும். ஷூ போட்டு வாருங்கள், ஓடைப் பக்கம் அட்டை ஏறும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய்
கோத்தகிரி வட்டம், நீலகிரி